டூ-லெட் விளம்பரத்தில் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி: உங்களுக்கும் நடந்திருக்கிறதா? சேலத்தில் வீடு விட்டவர்களும் தேடியவர்களும் எழுதியவை

தாதகாப்பட்டி மாடிவீடு

போன ஐப்பசியில் மாடி வீடு காலியானது. "டபுள் பெட்ரூம், 24 மணி நேரமும் தண்ணீர், பார்க்கிங் உண்டு" என்று எழுதி, இரண்டு போட்டோவோடு போட்டேன். ஓமலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அந்த அம்மா ஹாலைக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். உடனே சிங்கில் துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, உப்புத் தண்ணின்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா ரெண்டு பஸ் ஏறி வந்திருக்க மாட்டோமே." மகனுக்குக் கிட்னியில் கல் எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். கோபமாகக் கேட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

24 மணி நேரமும் தண்ணீர் என்பது பொய் இல்லை. போர்வெல் தண்ணீர் எப்போதும் வரும். குடிக்கிற மேட்டூர்த் தண்ணீர் மட்டும் கீழே சம்ப்பில் இருக்கிறது, குடத்தில் தூக்கிக்கொண்டு மாடிக்கு வரவேண்டும். அன்று இரவே விளம்பரத்தை மாற்றினேன்: "போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் கீழ்த் தொட்டியில். மாடிக்கு 18 படி." போன் வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் நேரில் வந்த மூன்றாவது குடும்பமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டது.

அம்மாபேட்டையில் ஆறு மாதம்

நான் ஏமாந்த பக்கம். "அமைதியான தெரு" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தோம், உண்மையிலேயே அமைதிதான். பாதி அட்வான்ஸை அங்கேயே கொடுத்துவிட்டோம். பால் காய்ச்சும் நாளில், விடியற்காலை, பொங்குவதற்கு முன்னாலேயே பால் அடுப்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. மனைவி பாத்திரத்தைக் கையால் பிடித்துப் பார்த்தாள். அடுப்பு மேடையே அதிர்ந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறி! நாங்கள் வீடு பார்க்கப் போனது மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நாள். வீட்டுக்காரர் வேண்டுமென்றே அந்த நாளில் வரச் சொன்னாரா, தெரியாது. கைக்குழந்தை இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தறி வீட்டுப் பிள்ளை

மேலே எழுதியவருக்கு. அம்மாபேட்டை, நெசவாளர் ஊர். தறி ஓடினால்தான் அங்கே அடுப்பு எரியும். நான் அந்தச் சத்தத்தில்தான் பிறந்தேன், அது நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். வீடு பார்க்கப் போகிறவர் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டு விசாரித்திருக்கலாமே? கொலுசுப் பட்டறை, மாவு மில், கல்யாண மண்டபம் என்று சுற்றியுள்ளதையெல்லாம் விளம்பரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் யார்தான் வீடு விடுவது?

அம்மாபேட்டையில் ஆறு மாதம்

தறியைக் குறை சொல்லவில்லை. "அமைதியான" என்ற அந்த வார்த்தையைச் சொல்கிறேன். அதை எழுதாமல் விட்டிருந்தால் நானே விசாரித்திருப்பேன்.

ஏற்காடு, நாகலூர்ப் பக்கம்

எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. மே மாதம், கோடை விழாக் கூட்டம் முடிந்த கையோடு படம் எடுத்தேன். திண்ணையில் வெயில், பின்னால் மிளகுக் கொடி. படத்தைப் பார்த்தே ஓர் ஆசிரியை முடிவு செய்து, ஜூனில் குடிவந்தார். ஆவணியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு பீரோவைத் திறந்து காட்டினார். அவருடைய கூறைப்புடவை. ஜரிகைக் கரை முழுக்க வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. "மலைன்னா குளிரும்னு தெரியும் சார், துணி காயாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். புடவைக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டார். இப்போது மழைக்காலப் படத்தையும் சேர்த்தே போடுகிறேன், சுவரில் ஈரம் ஏறும் இடம் தெரியும்படி. குரங்கு தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கும் என்பதால் மேலே கல் வைக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் திரும்பிப் போகக் கூடாது.

சூரமங்கலம்

என் கதை சின்னது. "தனி மீட்டர் இல்லை" என்று எழுதாமல் விட்டேன். வந்தவர் முதல் பில்லைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே காலி.

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒரு முறைதான் கிடைக்கும். அதோடு மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். குடியிருப்பவர் கொஞ்சமாகச் செலவழித்தாலும் பில் ஏறும். அதனால் மீட்டர் தனியா, சேர்த்தா என்பது வாடகைத் தொகைக்கு அடுத்த வரியிலேயே வரவேண்டும். "வாடகை நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் வேலைக்காகாத போன்தான் வரும். அட்வான்ஸையும் எழுதுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. இன்னும் பத்து மாதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போக்கியமா வாடகையா என்று தெளிவாகச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள். படம் காலை ஒன்பது, பத்து மணிக்கு, ஜன்னலைத் திறந்துவைத்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். கழிப்பறையை விடாதீர்கள், இந்தியனா வெஸ்டர்னா என்பது வயதானவர்களுக்குப் பெரிய விஷயம். "ஜங்ஷனுக்கு அருகில்" என்றால் சூரமங்கலத்தில் எல்லா வீடும் அருகில்தான். எந்த பஸ் ஸ்டாப், அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள்.

இரவுப் பணி நர்ஸ்

நான் வீடு தேடுகிறவள். ஐந்து ரோடு பக்கம் ஒரு விளம்பரம், "குடும்பத்தினருக்கு மட்டும்". கூப்பிட்டேன். "எத்தனை பேரும்மா?" "நானும் அம்மாவும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்லம்மா, குடும்பத்துக்குத்தான் பாக்கறோம்" என்றார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தாதகாப்பட்டி மாடிவீடு

நர்ஸ் தங்கைக்கு: என் விளம்பரத்திலும் அதே வார்த்தை இருந்தது. இப்போதுதான் போய் எடுத்தேன். தை மாதம் கீழ்வீடு காலியாகிறது. சம்ப் வாசலிலேயே இருக்கிறது, படி ஏற வேண்டாம். ஓமலூர் அம்மாவின் மகன் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது, முதலில் அவர்களைக் கேட்கிறேன். அவர்களுக்குத் தேவைப்படாவிட்டால் நீங்கள் அம்மாவோடு வந்து பாருங்கள். போர் தண்ணீர் கீழேயும் உப்புதான்.