ஹேம்குண்ட் ஒரே நாளில்: வெள்ளியங்கிரி ஏறிய தெம்பு போதுமா?

பனியன்கம்பெனி:

வணக்கம்ங்க. ஆகஸ்ட் நடுவில் உத்தராகண்ட் போகிறோம். நான், வீட்டுக்காரி, அம்மா, மூன்று பேர். அம்மாவுக்கு 61 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தெம்பாக நடப்பார்.

திட்டம் இது: வெள்ளி இரவு டெல்லி. சனிக்கிழமை ஹரித்வாரிலிருந்து வண்டி பிடித்து ஜோஷிமட். ஞாயிறு கோவிந்த்காட், புல்னா வழியாக நடந்து காங்கரியா. திங்கள், மலைமேல் ஏரிக்கரையில் சீக்கியர் கோயிலான குருத்வாரா இருக்கிற ஹேம்குண்ட் சாகிப் ஏறி அன்றே இறங்குவது. செவ்வாய் பூக்களின் பள்ளத்தாக்கைப் பாதி தூரம் பார்த்துவிட்டு இறங்கி ஜோஷிமட். புதன் ஹரித்வார், வியாழன் காலை டெல்லியில் விமானம்.

நான் வருடா வருடம் சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். அந்தத் தெம்பு போதும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரி பழனிப் படி, மருதமலைப் படி ஏறுவார். அம்மாவை மட்டும் குதிரையில் ஏற்றிவிடலாமா? கூட வேலை செய்கிறவர் ஒருவர் உயரத்துக்கான மாத்திரை ஒரு பட்டை கொடுத்திருக்கிறார், போடலாமா? ஹேம்குண்டை முதலில் வைத்ததற்குக் காரணம் அம்மாதான். சாமி முதலில், பூ அப்புறம் என்கிறார்.

குன்னூர்க்குளிர்:

தம்பி, உங்கள் கால் ஏறிவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உறுத்துவது அந்தத் திங்கட்கிழமைதான்.

வெள்ளியங்கிரி உச்சி 1,800 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஜோஷிமட்டும் ஏறத்தாழ எங்கள் குன்னூர் உயரம், அங்கே உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் நீங்கள் படுக்கப் போகிற காங்கரியா 3,049 மீட்டர். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637தான். அதற்கும் 400 மீட்டர் மேலே போய் முதல் ராத்திரி தூங்குகிறீர்கள். விடிந்ததும் அங்கிருந்து இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல், 6 கிலோமீட்டரில் ஏறப் போகிறீர்கள். ஹேம்குண்டின் உயரத்துக்குப் பல இடங்களில் பல கணக்கு எழுதியிருக்கும். எதை எடுத்தாலும் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். வெள்ளியங்கிரியில் எத்தனை வருடம் பழகியிருந்தாலும் இதற்கு உடம்பு பழகியிருக்காது.

3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பார்கள். இந்த வழியில் ஜோஷிமட்டிலிருந்து காங்கரியாவுக்கு ஒரே தாவல், அதைப் பிரிக்க வசதியான இடம் நடுவில் இல்லை. அதனால் செய்யக்கூடியது ஒன்றுதான்: வரிசையை மாற்றுங்கள். திங்கள் பள்ளத்தாக்கு, செவ்வாய் ஹேம்குண்ட்.

காங்கரியா தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் பள்ளத்தாக்கு, வலது பக்கம் ஹேம்குண்ட். பள்ளத்தாக்குப் பாதை முதலில் கொஞ்சம் மேல் மூச்சு வாங்க வைக்கும், உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் சமம்தான். 3,500 மீட்டர் வரை போய் சாயங்காலம் 3,049க்கே திரும்பித் தூங்குவீர்கள். அந்த ஒரு பகலும் இன்னொரு ராத்திரியும் செவ்வாய்க்கிழமை எவ்வளவு உதவும் என்று ஏறும்போது தெரியும். ஆகஸ்டில் அங்கே பூ கொட்டிக் கிடக்கும். அதைப் பாதியில் பார்த்துவிட்டு ஓடிவருவது பாவம். 1931இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஆங்கிலேய மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் தற்செயலாக உள்ளே இறங்கி, சில வருடம் கழித்து அதற்காகவே மறுபடி வந்த இடம் அது. சாமி ஒரு நாள் காத்திருப்பார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஹேம்குண்ட் நாளுக்கு வருகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், டார்ச் வேண்டும். பாதை அகலமானது, கல் பாவியது, வழி தவறாது. சாணியும் மழையும் சேர்ந்தால் வழுக்கும், தடி வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் டீக்கடைகள் உண்டு. கடைசிப் பகுதியில் ஆயிரத்துச் சொச்சம் படிகள் குறுக்கே ஏறும், குதிரைப் பாதை சுற்றிக்கொண்டு போகும். ஏறும்போது சுற்றுப் பாதையிலேயே போங்கள். பழனிப் படி ஏறிய வேகத்தில் இந்தப் படியில் கால் வைத்தால் பத்தாவது படியில் தலை சுற்றும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பேச்சு திக்கினால் நின்றுவிடுங்கள். ஏற நான்கைந்து மணி நேரம், அம்மாவோடு என்றால் இன்னும் ஒன்று. இறங்க மூன்று.

மேலே தங்க இடம் கிடையாது. மதியம் இரண்டு மணிக்குள் எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது நல்லது. "இன்னும் அரை கிலோமீட்டர்தானே" என்று யார் சொன்னாலும் சரி. மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் சேர்ந்து வரும்.

ஏரிக்கரையில் குருத்வாராவை ஒட்டி லட்சுமணனுக்கு ஒரு கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு அது கட்டாயம் பிடிக்கும். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்ததாகச் சீக்கியர்கள் நம்பும் இடம், ஏழு சிகரங்கள் சூழ்ந்தது. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுகிற உங்களுக்கு அங்கேயும் ஏழு! குருத்வாராவின் இலவச உணவுக்கூடமான லங்கரில் கிச்சடியும் சூடான டீயும் தருவார்கள், சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். சீக்கியர்கள் அந்தத் தண்ணீரில் முழுக்குப் போடுவதைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வரும். தலைவலி லேசாக இருந்தாலும் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் முங்கி எழுந்து உடனே துவட்டி, உலர்ந்த துணி மாற்றுங்கள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை விமானம். மழைக்காலத்தில் ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட் வழியாகப் போகிற பத்ரிநாத் சாலை எங்கே எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட்டில் மண் சரிந்து வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பது வழக்கமான செய்தி. டிக்கெட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள்.

மாத்திரைடப்பா:

நான் மருத்துவர். ஆனால் அம்மாவை நேரில் பார்க்கிற மருத்துவரின் சொல்தான் முடிவு.

நண்பர் கொடுத்தது அசிட்டசோலமைடாக இருக்கும். தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, மேலே ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. உங்கள் பயணத்தில் அது சனிக்கிழமை. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. அம்மாவின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் மருந்து கலந்திருக்கலாம், அதனால் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். பிரஷர் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

காங்கரியாவில் தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, தலைசுற்றலோ இருந்தால் அது உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே போகக் கூடாது. பாராசிட்டமால் போடலாம், ஆனால் வலி அடங்கிவிட்டதே என்று ஏறுவது தப்பு. நேர்கோட்டில் ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் இறக்குங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டு போகிறவர்களுக்கு: அங்கே 90 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் அலற வேண்டாம், ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

தறிச்சத்தம்:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? எங்கள் அத்தைக்கு 66 வயது. குதிரையில் ஏறினார், குதிரையில் இறங்கினார், லங்கரில் இரண்டு தட்டு கிச்சடி சாப்பிட்டார். அம்மாவைக் குதிரையில் தாராளமாக ஏற்றுங்கள் நண்பா.

குன்னூர்க்குளிர்:

அத்தைக்கு என் வணக்கம். நான் குதிரை வேண்டாம் என்று சொல்லவில்லையே. கால் வலிக்குத்தான் குதிரை மருந்து, உயரத்துக்கு இல்லை. நடந்தால் ஐந்து மணி நேரத்தில் ஏறுகிற உயரத்தைக் குதிரை பாதி நேரத்தில் ஏற்றிவிடும், உடம்புக்கு அவகாசம் குறைகிறது. நடக்கும்போது உடம்பு சரியில்லை என்றால் அம்மாவே உட்கார்ந்துவிடுவார். குதிரை மேல் இருப்பவர் குதிரைக்காரர் நிற்கும் இடத்தில்தான் நிற்பார். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் குளிரும் அதிகம்.

நானாக இருந்தால் புல்னாவிலிருந்து காங்கரியா வரை அம்மாவைக் குதிரையில் ஏற்றுவேன். 9, 10 கிலோமீட்டர் மிச்சமாகும், களைப்பில்லாமல் போய்ச் சேருவார். ஹேம்குண்டுக்கு செவ்வாய் காலை எழுந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன். ராத்திரி தூங்கினாரா, காலையில் டீ இறங்கியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கிளம்பலாம், குதிரையில் போனாலும் உங்களில் ஒருவர் கூடவே போக வேண்டும். இல்லை என்றால் ஒருவர் அம்மாவோடு காங்கரியாவில் இருக்க வேண்டும். அது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் சண்டை வரும்.

பனியன்கம்பெனி:

அக்கா, டாக்டர் சார், ரொம்ப நன்றிங்க. வரிசையை மாற்றிவிட்டேன், டிக்கெட்டையும் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். லட்சுமணன் கோயில் இருக்கிறது என்றதும் சரி என்றுவிட்டார். காங்கரியாவில் யார் தங்குவது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை!

கடைசியாக ஒன்று. குடை போதுமா, மழைக்கோட்டு வாங்கணுமா? ஷூ புதிதாக வாங்கியிருக்கிறோம்.

குன்னூர்க்குளிர்:

குடை வேண்டாம், ஒரு கையில் தடி இருக்கும். முதுகுப் பையையும் சேர்த்து மூடுகிற மாதிரி போஞ்சோ வாங்குங்கள். ஷூவை இன்றைக்கே போட்டு நடக்க ஆரம்பியுங்கள், பழைய சாக்ஸோடு அல்ல, அங்கே போடப் போகிற தடிமனான சாக்ஸோடு. குருத்வாராவில் ஷூவைக் கழற்ற வேண்டும், தரை ஈரமாக ஐஸ் மாதிரி இருக்கும். உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கவரில் கட்டி ஆளுக்கு ஒன்று. தலையை மூடத் துணி வேண்டும், அம்மாவுக்கு முந்தானை போதும், உங்களுக்குக் கைக்குட்டை.

பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்குப் போகிற சார்தாம் யாத்திரைக்குப் போலவே ஹேம்குண்டுக்கும் அரசுப் பதிவு உண்டு, மூன்று பேருக்கும் முன்கூட்டியே செய்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். காங்கரியா செலவுக்கு ஜோஷிமட்டிலேயே பணம் எடுத்துவிடுங்கள், குதிரைக்காரருக்கும் சேர்த்து.