வீட்டுக்குள்ள டவரே கிடைக்கல: சிம், நெட் ரெண்டையும் சேர்த்து மாத்திடலாமா?

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. தெருவில நின்னா நாலு கோடு காட்டுது. வாசப்படி தாண்டினா ரெண்டு. அப்பா படுத்திருக்கிற நடு ரூமுக்குப் போனா ஒண்ணுமே இல்ல. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம்தான் ஆச்சு, பகல்ல தனியாத்தான் இருக்கார். போன வாரம் ஆபீஸ்ல இருந்து பதினோரு தடவை கூப்பிட்டேன், பதினோரு தடவையும் "தொடர்பு எல்லைக்கு வெளியே". பதறிப்போய் ஓடி வந்து பார்த்தா, போன் தலகாணிக்குப் பக்கத்திலயே கிடக்கு. ஒரு தடவைகூட அடிக்கலன்னார். அன்னைக்கு வந்த நடுக்கம் இன்னும் போகல.

வீட்டு நெட்டும் அதே கம்பெனிதான், சிம் போட்டு ஓடுற 4ஜி ரூட்டர். காலையில பரவாயில்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. நாலு தடவை புகார் கொடுத்தேன். "உங்க ஏரியாவில நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு"ங்கிறாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திடலாம்னு இருக்கேன். ஆனா நம்பர் போயிடக் கூடாது, அப்பாவோட பேங்க் கணக்கு எல்லாம் அதுலதான்.

கோபுரத்தடி:
கொஞ்சம் பொறுங்க. பல வருஷம் தெருத்தெருவா சிக்னல் அளந்த வேலை என்னுது, அதனால சொல்றேன். உங்க வீட்டில இருக்கிறது ரெண்டு தனித்தனி கோளாறு. அப்பா போன் அடிக்காதது சுவரால. ராத்திரி நெட் திணறுறது அநேகமா கூட்டத்தால, அதாவது ஒரே டவரை ஒரே நேரத்தில நிறைய பேர் உபயோகிக்கிறதால.

கோட்டை நம்பாதீங்க, ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுது. ஆண்ட்ராய்டா இருந்தா செட்டிங்ஸ்ல "போனைப் பற்றி" பகுதியில சிம் நிலைன்னு இருக்கும். அதுல டிபிஎம் கணக்குல (சிக்னல் சக்தியோட அளவு) மைனஸ் போட்டு ஒரு எண் வரும். 4ஜியில -85 பக்கம் இருந்தா அருமை, -105 வரைக்கும் சமாளிக்கலாம், -115ஐத் தாண்டினா பேச்சு அறுந்துபோகும். 10 குறைஞ்சா சக்தி பத்துல ஒரு பங்காயிடும். தெருவில இருந்து கட்டிலுக்கு வர்றதுக்குள்ள 30 குறைஞ்சா, வெளிய இருக்கிறதுல ஆயிரத்துல ஒரு பங்குதான் அப்பா போனுக்கு வந்து சேருது. கம்பி கட்டின கான்கிரீட்டும் உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடியும் அப்படித்தான் விழுங்கும்.

இங்கதான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு உள்ள வரும். 2300, 2600 எல்லாம் வாசல்லயே சோர்ந்துபோகும். அதனால மாத்த நினைக்கிற கம்பெனியோட சிம் ஒண்ணை யார்கிட்டயாவது ரெண்டு நாள் வாங்கி, அப்பா போன்லயே போட்டு, அதே தலகாணிப் பக்கத்தில வச்சு எண்ணைப் பாருங்க. உங்க புது போன்ல பார்த்தா பிரயோஜனமில்ல, அவர் போனுக்கு அந்த அலைவரிசை பிடிக்கணும். சில கம்பெனிங்க சொந்த டவர் இல்லாம இன்னொருத்தர் டவர்லதான் ஓடுது, அதையும் விசாரிச்சுக்கோங்க. அப்படிப் போய் மறுபடி அதே டவர்ல விழுந்தா பலனில்ல.

ரூட்டருக்கும் ஒரு சோதனை இருக்கு. காலையிலயும் ராத்திரியும் கேபிள் செருகி வேகம் பாருங்க, கூடவே ரூட்டர் காட்டுற சிக்னல் எண்ணையும் எழுதி வைங்க. சிக்னல் மாறாம வேகம் மட்டும் விழுந்தா, அது டவர்ல கூட்டம். ஆன்டெனா மாட்டியும் தீராது.

ஈரத்துணி:
நம்பர் விஷயத்தில நான் பட்டது போதும். மாறுறோமேன்னு பழைய இணைப்பை நானே முதல்ல ரத்து பண்ணிட்டேன். இணைப்பு செத்தா நம்பரும் போச்சு, மாத்த எதுவுமே இருக்காது. பேங்க்ல புது நம்பர் ஏத்துறதுக்குள்ள அலைஞ்சு ஓஞ்சுட்டேன். நம்பரை எடுத்துட்டுப் போற வேலையைப் புதுக் கம்பெனி வழியாத்தான் செய்யணும், அது முடிஞ்சா பழசு தானா நின்னுடும். பாக்கி ஏதும் இருந்தா முன்னாடியே கட்டிடுங்க. மாறுற அன்னைக்குக் கொஞ்ச நேரம் ஓடிபி வராம போகலாம், பண விஷயம் எதையும் அன்னைக்கு வச்சுக்காதீங்க.

மூணாவதுமாடி:
வைஃபை காலிங் இருக்கான்னு பாருங்க. டவரே இல்லாட்டியும் வீட்டு நெட் வழியா அதே நம்பருக்கு அழைப்பு வரும். போன், கம்பெனி ரெண்டும் அதுக்கு ஒத்துக்கணும். ஒரே குறை, கரண்ட் போனா ரூட்டரும் போகும். சின்ன பேட்டரி ஒண்ணு மாட்டிடுங்க. சிக்னலைக் கூட்டும்னு பூஸ்டர், ரிப்பீட்டர்னு விக்கிறதை மட்டும் வாங்காதீங்க. அனுமதியில்லாத ரிப்பீட்டர் அக்கம்பக்கத்து சிக்னலையும் கெடுக்கும், பல நாடுகள்ல சட்டப்படி தப்பு.

ஜன்னலோரம்:
அளந்து பார்த்தேன். தெருவில -88, ஹால்ல -104, கட்டில்ல -119. பக்கத்து வீட்டுக்காரர் சிம்மை அப்பா போன்ல போட்டா அதே கட்டில்ல -102! ரூட்டர் சிக்னல் ரெண்டு நேரமும் -96. ஆனா காலை ஆறு மணிக்கு வேகம் 31 எம்பிபிஎஸ், ராத்திரி ஒன்பதுக்கு 2தான். கோபுரத்தடி சொன்னபடியே கூட்டம்தான்.

அதனால நெட்டுக்கு வேற ஒரு கம்பெனியோட ஃபைபர் கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன். அது வந்து ஒரு வாரம் ஒழுங்கா ஓடினதும் அப்பா நம்பரை மாத்துறேன். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அந்த சிம்மை அப்பா போனோட ரெண்டாவது இடத்திலயே விட்டு வச்சிருக்கார். நேத்து மத்தியானம் அதுக்குத்தான் கூப்பிட்டேன். ரெண்டாவது மணியில எடுத்து, "மாத்திரை போட்டாச்சு, நீ வேலையைப் பாரு"ன்னார்.