98 சிவிக்: இன்ஜின் மாற்றவா, இருப்பதையே சரி செய்யவா? ஏசி, இரைச்சல், சீட் வேலைகளும் இருக்கின்றன

பழைய சிவிக்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1998 ஹோண்டா சிவிக், டி16ஒய்7 இன்ஜின், மேனுவல் கியர். பாடியில் துரு இல்லை, அதனால் விற்க மனம் வரவில்லை.

தொல்லைகள்: ஆயில் குடிக்கிறது. மேடேறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை. நின்றுகொண்டிருக்கும்போது ஏசி போட்டால் ஸ்டீயரிங்கிலிருந்து சீட் வரை அதிர்கிறது. நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

இன்ஜினை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். ஹோண்டாவின் வேறு இன்ஜின்களான பி16ஏ2 போடலாமா, கே20 போடலாமா என்று யோசனை. அதோடு ஏசி, இரைச்சல் தடுப்பு, சீட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட ஆசை. ரேஸ் ஓட்டப் போவதில்லை. குடும்பத்தோடு நீண்ட தூரம் களைப்பில்லாமல் போய் வர வேண்டும், அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பானர் செட்:

தம்பி, இன்ஜின் தேடும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி கிராங்க் செய்ய வேண்டும். இந்த இன்ஜினுக்கு 135 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 28க்கு மேல் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு பக்கம் கசிவு.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு குப்பென்ற புகை, அப்புறம் ஒன்றும் இல்லை என்றால் வால்வு சீல். நீங்கள் சொல்வது லோடில் வரும் புகை. ரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம். பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது) அடைத்திருந்தாலும் ஆயில் இழுக்கும், அதையும் கழற்றி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அதிர்வு வேறு கதை. அது பெரும்பாலும் கிழிந்த மவுண்ட், அதாவது இன்ஜினைப் பாடியோடு தாங்கும் ரப்பர் பிடி. ஏசி போட்டதும் ஐடில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் ஐடில் கன்ட்ரோல் வால்வில் கரி படிந்திருக்கும்.

நைட் டிரைவர்:

எதற்கு இத்தனை ஆராய்ச்சி? செய்வது ஒருமுறை, பெரிதாகவே செய்யுங்கள். கே24 போட்டு விடுங்கள் ப்ரோ. 2.4 லிட்டர், டைமிங் பெல்ட் கிடையாது, செயின். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும்.

ஸ்பானர் செட்:

கே நல்ல இன்ஜின்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் காரில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், இன்டேக் பின்பக்கம். கே இன்ஜினில் தலைகீழ், சுற்றும் திசையே வேறு. மவுண்ட் கிட், தனி ஹெடர், தனி ஆக்ஸில், கேபிளில் இயங்கும் கியர் லீவர், ஒயரிங் மாற்றி, டியூன் செய்யக்கூடிய ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் வேண்டும். ஏசிக்கும் தனி பிராக்கெட், தனி ஹோஸ். இந்த ஏசி கட்டத்தில்தான் பலர் கை கழுவிவிடுகிறார்கள். ஏசி இல்லாத கே சிவிக் நிறைய ஓடுகிறது. இவர் கேட்பது ஏசி.

மெதுவா போங்க:

பி16ஏ2 பற்றி யாரும் சொல்லவில்லையே. பெயருக்கு 160 குதிரைத்திறன், ஆனால் அது 7600 ஆர்பிஎம்மில். டார்க் சுமார் 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 7000 ஆர்பிஎம்மில். உங்கள் டி16ஒய்7 இப்போதே 4600இல் 140 தருகிறது. ஆக, சாதாரணமாக ஓட்டும்போது பெரிய மாற்றம் தெரியாது. அதோடு வரும் கியர்பாக்ஸின் ஃபைனல் டிரைவ் (கடைசிக் கியர் விகிதம், எண் கூடினால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும்) 4.4, ஐந்தாவது கியரும் குட்டை. நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் கத்தும். இரைச்சல் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு இரைச்சலைத் தேடிப் போய் வாங்குவானேன்?

உங்கள் தேவைக்கு ஹோண்டாவின் இண்டெக்ரா காரில் வந்த பி18பி1. விடெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) இல்லை, யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஆனால் 5200 ஆர்பிஎம்மில் சுமார் 172 நியூட்டன் மீட்டர். அதன் கியர்பாக்ஸ் 4.266, ஐந்தாவது கியர் நீளம். விடெக் ஒயர் இழுக்கும் வேலையும் மிச்சம்.

பழைய சிவிக்:

கம்ப்ரஷன் பார்த்துவிட்டேன். வரிசையாக 170, 165, 128, 168. மூன்றாவதில் ஆயில் விட்டதும் 160க்கு ஏறியது. அந்த பிளக்கும் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. பின்பக்க மவுண்டில் ரப்பர் முழுக்கக் கிழிந்து, உலோகம் உலோகத்தில் இடிக்கிறது.

பி18பி1 பக்கம் மனம் சாய்கிறது. மவுண்டுக்கு பாலியூரிதேன் போடலாமா? ரப்பர் மாதிரி கிழியாது என்கிறார்கள்.

ஸ்பானர் செட்:

128, அதுவும் மற்றவற்றிலிருந்து 40 வித்தியாசம், ஆயில் விட்டதும் ஏறுகிறது. ரிங் போய்விட்டது. இதைப் பிரித்து ரிங், ஹோனிங், பேரிங் என்று போவதை விட இன்ஜின் மாற்றுவது நியாயமான முடிவுதான்.

பாலியூரிதேன் வேண்டவே வேண்டாம். கெட்டியான மவுண்ட் இன்ஜின் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். கதவுக்குள் எத்தனை ஷீட் ஒட்டினாலும் அந்த அதிர்வு அடங்காது. சிவிக் பாடியில் பி இன்ஜினை உட்கார வைக்கும் பிராக்கெட்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள், ரப்பர் மட்டும் புதிதாக, கம்பெனி தரத்தில் இருக்கட்டும்.

மெதுவா போங்க:

இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், நடுவில் வரும் இன்டர்மீடியட் ஷாஃப்ட், கியர் லிங்கேஜ், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் பிராக்கெட், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஈசியூ, வெட்டப்படாத ஒயரிங், எல்லாம் ஒரே காரிலிருந்து வந்தால் பாதித் தலைவலி குறையும். உங்கள் 98 மாடலின் ஈசியூ, ஒயரிங் வகை ஓபிடி2ஏ. 1999–2000 சிவிக்கில் ஓபிடி2பி, ஒயரிங் கனெக்டர்கள் வேறு. 2000 முதல் வந்த இண்டெக்ராவில் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) உண்டு, அந்த ஈசியூவைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்ஜின் எண் மாறும் என்பதால் பதிவுப் புத்தகத்தில் மாற்ற அனுமதி கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சு மெத்தை:

நான் இன்ஜின் ஆள் இல்லை, உள்ளே நடக்கும் வேலைக்கு மட்டும் பதில். இரைச்சலில் பாதி டயரிலிருந்தும் கதவு ரப்பரிலிருந்தும் வரும். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவி வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். 14 அங்குல வீல் இருந்தால் அதையே வைத்திருங்கள். அழகுக்காக மெல்லிய டயர் போட்டால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும்.

ஷீட் ஒட்டுவதென்றால் பியூட்டைல் மட்டும். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை மலிவென்று வாங்கினால் வெயிலில் நாறும், உருகி வழியும். பியூட்டைல் தகரம் அதிர்வதை அடக்கத்தான், எனவே முழுப்பரப்பையும் மூட வேண்டியதில்லை, தட்டினால் டங்கென்று ஒலிக்கும் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு போதும். ரோடு இரைச்சலைத் தடுக்க அதற்கு மேல் மூடிய செல் ஃபோம், அதற்கும் மேல் கனமான வினைல் விரிப்பு. கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், துரு இல்லாத பாடி என்று வேறு சொல்கிறீர்கள்.

சீட்டுக்குப் புது உறை போடும் முன் உள்ளே உள்ள ஃபோமை மாற்றுங்கள். முதுகு வலிக்குக் காரணம் அமுங்கிப்போன ஃபோம்தான்.

ஸ்பானர் செட்:

இதோடு பின் டிரெயிலிங் ஆர்ம் புஷ்ஷையும் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கையில் உள்ள ரப்பர்) பாருங்கள். இந்தத் தலைமுறை சிவிக்கில் அது கிழிந்திருந்தால் பின்பக்கம் தடதடக்கும், வளைவில் ஆடும். ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வார்கள், குற்றவாளி இதுதான்.

பழைய சிவிக்:

நன்றி. எல்லாம் சேர்ந்து ஒரு பி18பி1 செட் கண்ணில் பட்டிருக்கிறது, ஒயரிங் முழுசாக இருக்கிறது. காரிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார்கள், ஓட்டிப் பார்க்க முடியாது. என்ன பார்க்க வேண்டும்? போடும் முன் என்னென்ன மாற்ற வேண்டும்?

ஸ்பானர் செட்:

தரையில் இருந்தாலும் கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டரும் மாட்டியிருந்தால் பேட்டரி கொடுத்து கம்ப்ரஷன் பார்க்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும், அதனால் எண் சற்றுக் குறையும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் கறுப்புக் களி, பாலாடை மாதிரிப் படிவு இரண்டும் இருக்கக் கூடாது. கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

போடும் முன் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் இருபக்க ஆயில் சீல், ஆயில் பேன் கேஸ்கெட், கிளட்ச் செட். இது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் இன்ஜின், பழைய பெல்ட்டை நம்பாதீர்கள். ரேடியேட்டரும் இரட்டை வரிசையாக இருந்தால் நல்லது.

ஏசி கேஸ் ஆர்134ஏ. பைப்பைக் கழற்றும் முன் முறையாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள், காற்றில் விடக் கூடாது. திரும்ப மாட்டும்போது ரிசீவர் டிரையர், எல்லா ஓ-ரிங்கும் புதிது. அப்புறம் வேக்கம் இழுத்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கேஸ். உங்கள் காரில் முன் பிரேக் டிஸ்க் 240 மில்லிமீட்டர் என்றால், இண்டெக்ராவின் 262க்குத் தேவையானதையும் அந்தச் செட்டோடு கேட்டு வாங்கிவிடுங்கள். தனியாக வாங்கப் போனால் விலை வேறு மாதிரி சொல்வார்கள்.