பறக்காதவருக்கு ஃபிளையிங் ஆபீசர் என்ற பெயர் எப்படி வந்தது?

கேள்வி:
என் அக்காள் மகள் துண்டிகல்லில் பயிற்சி முடித்து, இந்திய விமானப்படையின் கணக்குப் பிரிவில் ஃபிளையிங் ஆபீசராகச் சேர்ந்திருக்கிறாள். விமானமே ஓட்டாதவளுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் இளநிலை அதிகாரிகளை லெப்டினன்ட் என்றுதானே அழைக்கிறார்கள்?

மறுமொழி 1:
அது தரத்தின் பெயரேயன்றிப் பணியின் பெயரன்று. தரைப்பணிப் பிரிவுகளுக்கும் அதுவே பொருந்தும். 1918 ஏப்ரல் 1 அன்று, தரைப்படையைச் சேர்ந்த ராயல் ஃபிளையிங் கோரையும் கடற்படையைச் சேர்ந்த ராயல் நேவல் ஏர் சர்வீஸையும் இணைத்துத் தனி விமானப்படையை அமைத்த பிரிட்டன், தொடக்கத்தில் தரைப்படையின் தரப் பெயர்களையே பயன்படுத்தியது. 1919 ஆகஸ்டில்தான் பைலட் ஆபீசர், ஃபிளையிங் ஆபீசர், ஃபிளைட் லெப்டினன்ட் ஆகிய பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. 1932இல் தோன்றிய இந்திய விமானப்படை அவற்றையே ஏற்றது. அமெரிக்க விமானப்படையோ 1947 வரை தரைப்படையின் அங்கமாகவே இருந்தமையால், பிரிந்த பிறகும் செகண்ட் லெப்டினன்ட், ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், கேப்டன் என்றே தொடர்ந்தது. கனடாவின் கதை நேர்மாறானது: 1968இல் முப்படைகளையும் ஒன்றாக்கியபோது, அதுவரை வழங்கிய பிரிட்டிஷ் பெயர்களைக் கைவிட்டுவிட்டது.

மறுமொழி 2:
பைலட் ஆபீசர் என்னும் தொடக்கத் தரம் இந்தியாவில் வழக்கொழிந்துவிட்டது. இலங்கை விமானப்படையில் இன்றும் இருக்கிறது. உங்கள் உறவினர்கள் அடுத்து எங்கே குழம்புவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாண்டுகளில் அவர் ஃபிளைட் லெப்டினன்ட் ஆகும்போது, தரைப்படையில் லெப்டினன்டாக இருப்பவருக்குச் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெயர் கடற்படையின் விமானப் பிரிவிலிருந்து வந்தது. கடற்படை லெப்டினன்ட் தரைப்படைக் கேப்டனுக்கு நிகரானவர், ஃபிளைட் லெப்டினன்டும் அப்படியே. தோள்பட்டையைப் பார்த்தால் ஐயமே எழாது: ஃபிளையிங் ஆபீசருக்கு ஒரு பட்டை, ஃபிளைட் லெப்டினன்டுக்கு இரண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இப்போது அவள் தரைப்படை லெப்டினன்டுக்கு நிகரானவளா?

மறுமொழி 2:
ஆம், கடற்படையில் சப் லெப்டினன்டுக்கு நிகர். இளநிலைத் தரம்தானே என்று யாரேனும் குறைத்துப் பேசினால், இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செக்கோன், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்பரப்பில் வீரமரணம் அடைந்தபோது, ஃபிளையிங் ஆபீசராகத்தான் இருந்தார் என்று சொல்லுங்கள்.