கலைச்சொல்: ‘ஆப்டிகல் பிக்அப்’ – ‘கதிர்த்தலை’ சரியா?

> பழைய உயர்தர சிடி பிளேயர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. “லென்ஸ் சுத்தம் பண்ணியாச்சு” என்கிறார் விற்பவர். வாங்கலாமா? ‘ஆப்டிகல் பிக்அப்’புக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

இரண்டு கேள்விக்கும் முடிச்சு ஒன்றுதான். சென்னை ரிச்சி தெருவில் “லென்ஸ் போயிடுச்சு சார், மாத்தணும்” என்றால், அவர்கள் மாற்றப்போவது லென்ஸை மட்டும் அல்ல. 780 நானோமீட்டர் லேசர் ஒளியை உண்டாக்கும் டையோடு, அந்த ஒளியைக் குவிக்கும் லென்ஸ், அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கும் சுருள்கள், வட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்கும் உணரிகள் எல்லாம் சேர்ந்த ‘ஆப்டிகல் பிக்அப்’ தொகுதியை மாற்றுகிறார்கள். 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுருண்டு செல்லும் தடத்தைத் தொடாமலே பின்தொடர்வது அதுதான். டையோடு தளர்ந்திருந்தால் லென்ஸை எவ்வளவு துடைத்தும் பயனில்லை. ‘லென்ஸ்’ என்ற பேச்சுவழக்கு வாங்குபவரின் பணத்தைத்தான் பதம் பார்க்கிறது.

இதற்கு ‘ஒளிவாங்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மைக்கை ‘ஒலிவாங்கி’ என்கிறோம். ஒலிக்கருவி பற்றிய கட்டுரையில் இரண்டும் அருகருகே வந்தால் வாசகர் தடுமாறுவார். ‘ஒளிப்படிப்பி’யும் ஒட்டவில்லை, படிப்பி என்றாலே கற்பி என்றுதான் பொருள். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து ‘ஹெட்’ எல்லோருக்கும் பழக்கம். அதையொட்டி ‘கதிர்த்தலை’ என்கிறேன். “கதிர்த்தலை போயிடுச்சு” என்று கடையில் சொன்னாலும் வாய்க்குள் சிக்காது.

> கிராமபோன் வழியில் ‘ஒளியூசி’ என்றால் அழகாக இருக்குமே?

அழகுதான், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஊசி தட்டைத் தொட்டு ஓடுவது, இது தொடாதது. தவிர, ஊசி என்றால் மனம் மறுபடி நுனியை, அதாவது லென்ஸை மட்டுமே நினைக்கும். பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடுவோம்.

கூடவே ‘டிரான்ஸ்போர்ட்’டுக்கு ‘வட்டோட்டி’ என்று வைத்துக்கொள்ளலாம். வட்டைச் சுழற்றும் மோட்டார், கதிர்த்தலையை நகர்த்தும் அமைப்பு, சட்டகம் எல்லாம் சேர்ந்தது வட்டோட்டி. இந்தப் பிரிப்பு வாங்கும்போது கைகொடுக்கும். சோனியின் கேஎஸ்எஸ் வரிசைக் கதிர்த்தலைகளைப் பயன்படுத்தும் பல பிளேயர்களில் கதிர்த்தலையை மட்டும் மாற்றிவிடலாம். உயர்தரக் கருவிகள் பலவற்றில் இருந்த பிலிப்ஸின் சிடி-புரோ2 முழு வட்டோட்டி. அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே பழையது வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த வட்டோட்டி, அதற்கு மாற்று இன்றும் கிடைக்கிறதா என்பதையே. பிராண்டின் புகழ் அப்புறம்தான்.

நேரில் பார்க்கும்போது 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்றைக் கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். வட்டின் ஆட்டமும் அங்கேதான் அதிகம். தளர்ந்த கதிர்த்தலை அங்கே திக்கும். மூடியைத் திறக்க அனுமதித்தால் இன்னும் நல்லது. சில சோனி கதிர்த்தலைகளின் ஒட்டுச்சீட்டில் தொழிற்சாலையில் அளந்த லேசர் மின்னோட்டம் அச்சிட்டிருக்கும். விவரமறிந்த மெக்கானிக் இப்போதைய அளவை அதோடு ஒப்பிட்டு, டையோடு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

புதிது வாங்க வசதியிருந்தால், வட்டோட்டியைத் தானே செய்யும் நிறுவனமாகப் பாருங்கள். வட்டை முழுப்பரப்பில் அழுத்திப் பிடித்துச் சுழற்றும் ஜப்பானிய நிறுவனமான எசோட்டெரிக்கின் விஆர்டிஎஸ் வட்டோட்டி அப்படிப்பட்டது. விலை மலைக்க வைக்கும். பத்தாண்டு கழித்துப் பழுதானாலும் உதிரிக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். உங்களுக்கு வந்திருக்கும் பிளேயரின் மாடல் எண்ணை எழுதுங்கள், உள்ளே எந்தக் கதிர்த்தலை என்று பார்த்துச் சொல்கிறேன்.

சொல்தொகுப்பில் சேர்க்க:
கதிர்த்தலை – குறுவட்டின் தடத்தில் லேசர் ஒளியைக் குவித்து, திரும்பும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் தொகுதி.
வட்டோட்டி – கதிர்த்தலையையும் சுழற்று மோட்டாரையும் தாங்கிய இயங்குபகுதி.

மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.