புதுப்பிப்பு: பாம்புக்கு ஏற்ற பின்னணி கிடைத்துவிட்டது

வெள்ளைச் சார்ட் தாளில் வைத்துப் போட்டோ எடுத்தால் நாங்கள் வளர்க்கும் பழுப்பு வீட்டுப் பாம்பு (brown house snake என்ற விஷமில்லாத ஆப்பிரிக்க இனம்) கரிக்கட்டை மாதிரி விழுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, அதன் முடிவு இது. தாளின் வெளுப்பைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டியதும், அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியை இரட்டிப்பாக்கியதும், பாம்பு தெளிந்தது. ஆனால் வழவழத் தாளில் பிடிமானம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் சொன்ன கறுப்பு வெல்வெட்டா? பூனை முடிதான் பளிச்சென்று தெரிந்தது!

கடைசியில் கைகொடுத்தது, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டுக் கொல்லையில் கிடந்த மாமரப் பட்டை. அதில் தானாகவே சுருண்டு உட்கார்ந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, தண்ணீரில் சிந்திய எண்ணெய் போலச் செதில்களில் வானவில் ஓடியது. தலையின் வெளிர்கோடுகள்கூடத் தெளிவு. அம்மா மட்டும் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

இப்போது பாம்புக்குக் கண் பால்பூத்திருக்கிறது; சட்டை உரிக்கப்போவதன் அடையாளம் அது. சட்டை உரித்த பிறகுதான் அடுத்த படம்.