புத்திமதியா, அறிவுரையா?

படுவான்கரையான்:
எங்கள் கோயில் அறநெறிப் பாடசாலைப் பரிசளிப்பு அழைப்பிதழில் "பெரியோர் புத்திமதி" என்று ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கிறார்கள். புத்தியும் வடசொல், மதியும் வடசொல், ரெண்டுக்கும் பொருள் அறிவுதான். "அறிவறிவு" என்று அச்சடித்த மாதிரி இருக்கிறது. அறிவுரை என்ற நல்ல தமிழ்ச்சொல் கிடக்க இது எதற்கு?

கல்லடி டீச்சர்:
ரெண்டு தரம் வந்தால் பிழையா தம்பி? "மீமிசை" என்பதில் ரெண்டுமே "மேல்"தான். ஒருபொருட்பன்மொழி என்று நன்னூலே அதற்கு இடம் கொடுக்கிறது. அப்புறம், புத்தி என்பதன் வேருக்கு விழித்தல் என்ற பொருளும் உண்டு, புத்தர் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். தூங்குகிறவனை எழுப்பிவிடுவது புத்திமதி, அறிவுரையில் அந்த உசுப்பல் இல்லை.

படுவான்கரையான்:
வேரில் விழிப்பு இருக்கலாம் டீச்சர், மேடையில் அது தொடங்கினதும் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சொல்லை இன்றைக்கு எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள்: பெரியவர் சொல்வார், சின்னவர் வாய்பொத்திக் கேட்கவேணும், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்று காக்கா:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் இதற்கு நஸீஹத் என்போம். அரபியில் அந்த வேருக்குத் தூய்மை என்றும் பொருள், மெழுகு கலக்காத தேனுக்குச் சொல்வார்கள். "மார்க்கம் என்பதே நஸீஹத்" என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது, யாருக்கு என்று கேட்டபோது வந்த பதிலில் தலைவர்களும் இருக்கிறார்கள், பொதுமக்களும் இருக்கிறார்கள். மேலிருந்து கீழே மட்டும் போகிற சரக்கு இல்லை தம்பி இது.

கல்லடி டீச்சர்:
காக்கா சொன்னது சரி, தமிழிலும் அதுதான் பழைய வழக்கம். புறநானூறு 184இல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கே சொல்கிறார்: நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் கொஞ்ச நிலமும் யானைக்குப் பல நாள் காணும், தானாக வயலில் புகுந்தால் "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்". அரசன் வரி வாங்குவதும் அப்படித்தானாம். அம்பாறைப் பக்கம் வட்டைக்குள், அதுதான் வயல்வெளிக்குள், யானைக்குப் பரண் கட்டி இரவெல்லாம் காவல் கிடக்கிறவருக்கு இதற்கு உரை வேண்டாம், தின்ற கதிரைவிட மிதிபட்டுச் சேற்றில் புதைந்த கதிர்தான் கூட என்று அவரே காட்டுவார். அந்தப் பாட்டின் துறை செவியறிவுறூஉ, அதாவது அரசன் செவியில் ஏறும்படி அறிவுரை சொல்வது.

படுவான்கரையான்:
பாருங்கள், நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! செவியறிவுறூஉ என்ற பெயருக்குள்ளேயே அறிவு கிடக்கிறது, புத்தியைக் காணோம்.

கல்லடி டீச்சர்:
சரி, அப்ப அடுத்த வருடம் "பெரியோர் செவியறிவுறூஉ" என்றே போடுங்கள். அந்த அளபெடையைப் பிழையில்லாமல் அச்சடிக்கிற கடையைக் கல்முனையில் நீங்கள்தான் தேடவேணும்.